உக்கிராணச் சாவி யாரிடம்?

மாணவ நண்பர்களே, கல்யாண வீட்டில் உக்கிராண அறையைப் பார்த்திருக்கிறீர்களா? இப்போது சமையலை மொத்தமாக ஒப்பந்தத்துக்கு விட்டுவிடுவதால் உங்களில் பலருக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். அரிசி, பருப்பு, எண்ணெய்த் தகரம், வெல்லம், முந்திரி எல்லாவற்றையும் வைத்துப் பூட்டும் அறை அது. அதன் சாவி ஒரே ஒருவரிடம்தான் இருக்கும். கணக்கில் கறாரான ஒரு பெரியப்பாவோ தாய்மாமனோ அந்தப் பொறுப்பில் இருப்பார். சமையலுக்கு வந்த தவசுப்பிள்ளை எவ்வளவு பேர்போனவராக இருந்தாலும், "இன்னும் ரெண்டு படி பருப்பு வேணும்" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவர் மேல் நம்பிக்கை இல்லை என்பதா இதற்குப் பொருள்? அப்படியல்ல. ஆயிரம் பேர் வந்து போகும் இடத்தில் கதவு திறந்து கிடந்தால், எது எப்போது குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவ்வளவுதான்.

கணிப்பொறியிலும் இப்படி ஓர் உக்கிராண அறை உண்டு. அதன் சாவியை வைத்திருப்பவருக்கு நிர்வாகி என்று பெயர். மற்றவர்கள் சாதாரணப் பயனர்கள். உங்கள் பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கணக்கு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான். எழுதலாம், வரையலாம், சேமிக்கலாம். ஆனால் புதிய மென்பொருளை நிறுவவோ இயங்குதளத்தின் கோப்புகளைத் தொடவோ முடியாது. "அனுமதி இல்லை" என்ற செய்தி வரும்போது எரிச்சல் வருகிறது அல்லவா? எனக்கும் வந்திருக்கிறது. அந்த எரிச்சலைப் பற்றியும், அதற்கு நாம் வழக்கமாகச் செய்துவிடும் தவறான வைத்தியத்தைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலில், தறிச் சத்தம் கேட்கும் தெரு ஒன்றில், ஒரு டி.டி.பி. கடை. ஆடி மாதத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை இருக்காது. ஆனால் ஆடித் தபசுக்கான நோட்டீஸ்கள், சுற்றுவட்டார ஊர்களின் அம்மன் கோயில் கொடை நோட்டீஸ்கள் என்று கடை திணறும். ஒரு மலர் அச்சடிக்கும் வேலையாக நான் அங்கே போனபோது, கடைக்கார அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பதினைந்து வருடம் உழைத்த பழைய கணிப்பொறி படுத்துவிட்டது. கடன் வாங்கிப் புதியது வாங்கியாயிற்று. ஆனால் அவர் கைக்குப் பழகிய பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் அதில் திறக்க மறுக்கிறது. "தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியவில்லை" என்று ஒரு வரி வருகிறது, அதோடு சாத்திக்கொள்கிறது.

கணிப்பொறியை அமைத்துக் கொடுத்த மெக்கானிக் நல்ல மனிதர். கடைக்கு வரும் பையன்கள் விளையாட்டுகளை நிறுவி நாசமாக்குகிறார்கள் என்று அண்ணாச்சி சொன்னதால், அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கை உருவாக்கியிருந்தார். இப்போது தொலைபேசியில் அவர் சொன்ன வைத்தியம் நீங்களும் கேட்டதாகத்தான் இருக்கும்: "அட்மினா ஓட்டுங்க அண்ணாச்சி, சரியாப் போயிரும்."

சரியாகப் போயிற்றா? மென்பொருள் திறந்தது. ஆனால் தமிழ் தட்டச்சாகவில்லை! விசையைத் தட்டினால் ஆங்கில எழுத்தே விழுந்தது. நோட்பேடில் தட்டினால் தமிழ் வருகிறது. இதில் மட்டும் வரவில்லை. எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து அண்ணாச்சி அதை இரண்டு முறை நீக்கி நிறுவியிருக்கிறார்.

கோளாறு எழுத்துருவில் இல்லை. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஒரு விதி உண்டு. சாதாரண உரிமையோடு ஓடும் ஒரு புரோகிராம், நிர்வாகி உரிமையோடு ஓடும் புரோகிராமுக்குள் விசைத்தட்டல்களை அனுப்ப முடியாது. அதன் ஜன்னலில் என்ன தட்டப்படுகிறது என்று ஒட்டுக்கேட்கவும் முடியாது. விதி நல்லதுதான். இல்லாவிட்டால் எந்தக் குட்டிப் புரோகிராமும் நிர்வாகியின் ஜன்னலுக்குள் தானே தட்டச்சு செய்து கட்டளை பிறப்பித்துவிடும். ஆனால் நம் தமிழ் விசைப்பலகை மென்பொருள்களில் பல வேலை செய்வதே இப்படித்தான். நீங்கள் தட்டும் விசையைப் பிடித்து, அதைத் தமிழாக மாற்றி, எதிரே இருக்கும் ஜன்னலுக்குள் போடுகின்றன. எதிரே இருப்பது நிர்வாகியின் ஜன்னல் என்றால் கதவு அடைபட்டுவிடுகிறது.

அப்படியானால் விசைப்பலகை மென்பொருளையும் நிர்வாகியாக ஓட்ட வேண்டும். ஓட்டினார்கள். தமிழ் வந்தது. அடுத்து, புகைப்படத்தை போல்டரிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் விட்டால் அது விழவில்லை. காரணம் அதே விதி. மறுநாள் காலை, முந்தைய நாள் சேமித்த நோட்டீஸைக் காணவில்லை. அது எங்கும் போய்விடவில்லை. நிர்வாகியின் பெயரில் ஓடிய மென்பொருள், நிர்வாகியின் 'ஆவணங்கள்' போல்டரில் அதைச் சேமித்து வைத்திருந்தது. தவசுப்பிள்ளைக்குச் சாவி கொடுத்தால் காய் நறுக்குகிறவருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது, பிறகு பரிமாறுகிறவருக்கும். கடைசியில் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் தட்டி அலுத்துப்போன அண்ணாச்சி, தம் கணக்கையே நிர்வாகிக் கணக்காக மாற்றச் சொல்லிவிட்டார். அதன் பின் எந்தக் கேள்வி வந்தாலும் 'ஆம்' என்று அழுத்துவது கைப்பழக்கமாகிவிட்டது. அப்படி அழுத்திய ஒரு 'ஆம்', ஒரு வாடிக்கையாளரின் பென் டிரைவில் போல்டர் போல வேடமிட்டு உட்கார்ந்திருந்த ஒரு விஷமப் புரோகிராமுக்கு. இயங்குதளத்தையே அழித்து மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. கொடைக்கு இன்னும் நாலே நாள்.

பழைய மென்பொருள் ஏன் இப்படி அடம் பிடிக்கிறது? அது பிறந்த வீட்டைப் பார்த்தால் புரியும். 1981இல் வந்த எம்.எஸ். டாஸில் பயனர் கணக்கு என்ற பேச்சே கிடையாது. மேசைக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரே ராஜா. விண்டோஸ் 95, 98 வரை நிலைமை ஏறக்குறைய அதுதான். 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.யில் கணக்குகளும் அனுமதிகளும் முறையாக இருந்தன. ஆனால் அது அலுவலகங்களுக்கானதாகவே இருந்தது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. அந்த அமைப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தது. கொண்டுவந்தும் என்ன பயன்? நிறுவும்போது உருவாக்கும் கணக்குகளை எல்லாம் நிர்வாகிக் கணக்காகவே அது உருவாக்கியது. ஆக, இருபது ஆண்டுகள் மென்பொருள் எழுதியவர்கள் ராஜாவுக்காகவே எழுதிப் பழகிவிட்டார்கள். தற்காலிகக் கோப்பா? சி டிரைவின் தலைவாசலிலேயே போடு. பயனரின் விருப்ப அமைப்புகளா? புரோகிராம் குடியிருக்கும் போல்டருக்குள்ளேயே எழுது. யார் தடுக்கப் போகிறார்கள்?

தமிழ்நாட்டின் அச்சுலகம் இந்தப் பழக்கத்தில் ஆழமாக மாட்டிக்கொண்டது. பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை உங்கள் ஊர் டி.டி.பி. கடையில் இன்றும் பார்க்கலாம். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்காக வெளியிட்டது அது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியது. 2001இல் வந்த 7.0 தான் அதன் கடைசிப் பெரும் பதிப்பு. அதற்கு யூனிகோடு தெரியாது. நம் பழைய தமிழ் எழுத்துருக்களோ ஆங்கில எழுத்துகளுக்கும் குறியீடுகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வரிசையில் உட்கார வைத்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு இதை ஒழுங்குபடுத்த முயன்றது. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் அதற்குள் லட்சக்கணக்கான பக்கங்கள் பழைய வரிசைகளில் தட்டச்சாகிவிட்டன. ஊர்க் கோயில்களின் வரலாற்றுச் சிறு நூல்கள், பள்ளிப் பொன்விழா மலர்கள், உள்ளூர்க் கவிஞர்களின் ஒரே தொகுப்பு எல்லாம் அந்தக் கடைகளின் வன்தட்டுகளில்தான் இருக்கின்றன. பழைய மென்பொருள் திறந்தால்தான் அவை திறக்கும்.

ஆகவே, "பழசைத் தூக்கிப் போடுங்கள், புதியதை வாங்குங்கள்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது மாதா மாதம் சந்தா கட்ட முடிந்தவர்கள் சொல்லும் யோசனை. அதே சமயம், "பழசு ஓட வேண்டும், அதற்காக எல்லாச் சாவியையும் கொடுத்துவிடுங்கள்" என்பதையும் நான் ஏற்கவில்லை. கோளாறு சாதாரணக் கணக்கில் இல்லை. பழைய புரோகிராமின் ஓரிரு கெட்ட பழக்கங்களில் இருக்கிறது. அந்தப் பழக்கம் எது என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் வழி விட்டால் போதும். இதைச் செய்ய உங்களைப் போன்ற மாணவர்களால் முடியும் என்பதே என் கருத்து.

கண்டுபிடிப்பது எப்படி? மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது போலத்தான். புரோசெஸ் மானிட்டர் என்ற ஓர் இலவசக் கருவி இருக்கிறது. சிஸ்இன்டர்னல்ஸ் என்ற சிறு குழு உருவாக்கிய கருவிகளின் வழியில் வந்தது. அந்தக் குழுவை 2006இல் மைக்ரோசாப்ட் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஒரு புரோகிராம் எந்தக் கோப்பைத் திறக்கிறது, எங்கே எழுத முயல்கிறது என்பதை எல்லாம் வரி வரியாக அது காட்டும். சில நொடிகளில் ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும், பயந்துவிடாதீர்கள். நம் புரோகிராமின் பெயரை மட்டும் வடிகட்டி, அதிலும் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று முடிவு வந்த வரிகளை மட்டும் வடிகட்டினால், பல நேரங்களில் ஐந்தாறு வரிகளே மிஞ்சும். (இந்தக் கருவியை ஓட்டவே நிர்வாகி உரிமை வேண்டும் என்பது ஒரு வேடிக்கை. கணிப்பொறிக்கு உரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.)

அந்த ஐந்தாறு வரிகளே நோயின் இடம். இனி மருந்து. புரோகிராமின் அமைப்புகளிலேயே அந்த இடத்தை மாற்ற வழி இருந்தால் அதுதான் உத்தமம். இல்லையென்றால், அது எழுத விரும்பும் அந்த ஒரு கோப்புக்கு அல்லது உட்போல்டருக்கு மட்டும் சாதாரணப் பயனரும் எழுதலாம் என்று நிர்வாகி அனுமதி தரலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. சோம்பேறித்தனமாக முழு புரோகிராம் போல்டருக்கும் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். புரோகிராமின் இயங்கு கோப்பும் அதே போல்டரில்தானே இருக்கிறது? எழுதும் உரிமை உள்ள எவரும் அதை நீக்கிவிட்டு, அதே பெயரில் வேறொன்றை வைத்துவிடலாம். பிறகு ஒருநாள் அதை யாராவது நிர்வாகியாக ஓட்டினால், வேடமிட்ட அந்தப் புரோகிராம் நிர்வாகியின் முழு உரிமையோடு ஓடும். உக்கிராணத்தின் முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்சுவரில் ஓட்டை போட்ட கதை.

இயங்குதளத்தை உருவாக்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. விஸ்டாவில் அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். அது இன்றும் இருக்கிறது. பழைய 32 பிட் புரோகிராம், தான் குடியிருக்கும் 'புரோகிராம் பைல்ஸ்' போல்டருக்குள் எழுத முயன்றால், "எழுதியாயிற்று" என்று அதனிடம் பொய் சொல்லிவிட்டு, அந்தக் கோப்பைப் பயனரின் சொந்த இடத்தில் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற போல்டரில் இயங்குதளம் போட்டு வைக்கும். புரோகிராம் திரும்பப் படிக்கும்போது அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கும். அழுகிற குழந்தைக்குக் காலிக் கிண்ணத்தில் கரண்டி கொடுத்து, "நீயும் சமை" என்பது போல!

இந்தப் பொய் நன்மை செய்தது. சில சமயம் குழப்பமும் செய்கிறது. ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முகவரிப் புத்தகப் புரோகிராம் ஒன்றில் அண்ணன் நூறு முகவரிகளைச் சேர்க்கிறான். தங்கை திறந்தால் ஒன்றுமே இல்லை. ஏன்? அந்த நூறும் அண்ணனின் விர்ச்சுவல் ஸ்டோரில் இருக்கின்றன. அண்ணனே ஒருநாள் அதை நிர்வாகியாக ஓட்டினால் அவனுக்கும் காணாமல் போகும்! நிர்வாகி உரிமையோடு ஓடும் புரோகிராமிடம் இயங்குதளம் பொய் சொல்வதில்லை. அது உண்மையான போல்டரைப் பார்க்கிறது. அங்கே அந்த நூறு முகவரிகள் ஒருபோதும் எழுதப்படவே இல்லை. தரவு தொலைந்தது என்று பதறுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அண்ணாச்சி கடையில் இந்தத் தந்திரம் ஏன் உதவவில்லை? அவருடைய மென்பொருள் எழுத விரும்பியது 'புரோகிராம் பைல்ஸ்' போல்டரில் அல்ல, சி டிரைவின் தலைவாசலில். அந்த இடம் தந்திரத்தின் எல்லைக்குள் வருவதில்லை.

ஒரு புரோகிராம் 'நான் மட்டும்தான் இங்கே இருக்கிறேன்' என்று எண்ணிக்கொள்வது எவ்வளவு பழைய நோய் தெரியுமா? அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு 1961இல் ஒரு கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் கணக்கு, ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல். 1960களின் நடுவில் ஒருநாள், உள்ளே நுழைந்தவர்களுக்கு எல்லாம் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகி வந்தன! என்ன நடந்தது? கோப்புகளைத் திருத்தும் புரோகிராம், தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே வைக்கும். ஒரு போல்டரில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று அது நம்பியது. நிர்வாகிகளின் பொது இடத்தில் ஒருவர் அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே சமயத்தில் திருத்தினார்கள். இரண்டும் இடம் மாறிவிட்டன. கோர்பாட்டோ தம் டூரிங் விருது உரையில் இதைத் தாமே சொல்லியிருக்கிறார். சங்கரன்கோவில் கடையில் அடம் பிடித்த தற்காலிகக் கோப்பு, ஒரு வகையில், அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

1975இல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அறிஞர்கள் கணிப்பொறிப் பாதுகாப்புக்கான விதிகளைத் தொகுத்து எழுதினார்கள். அவற்றில் ஒன்று, எந்தப் புரோகிராமும் எந்தப் பயனரும் தம் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்பது. உக்கிராணத்துப் பெரியப்பாவுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

நீங்கள் ஓர் ஆட்சேபணை எழுப்பலாம். சாதாரணக் கணக்கு வைத்திருந்தால் வைரஸ் வராதா? வரும். இதில் நான் உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் புரோகிராம் சாதாரண உரிமையோடு ஓடினாலும், அந்தப் பயனரின் சொந்தக் கோப்புகளை அதனால் பூட்ட முடியும். அவற்றில் எழுதும் உரிமை அவருக்கு உண்டல்லவா? 2017 மே மாதம் உலகெங்கும் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளை நிலைகுலைய வைத்த வான்னாக்ரை, பயனரின் உரிமையை நம்பியே இருக்கவில்லை. இயங்குதளத்தின் ஓர் ஓட்டை வழியாக நேரே உள்ளே புகுந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே வெளியாகியும் பலர் போட்டுக்கொள்ளவில்லை. ஆகவே கோப்புகளின் நகலை வேறோர் இடத்தில் வைப்பதும், திருத்தங்களைப் போடுவதும் தனி வேலைகள். சாதாரணக் கணக்கு செய்வது ஒன்றுதான்: விஷமம் ஒரு பயனரோடு நிற்கும், இயங்குதளத்துக்குள் வேர் விடுவது கடினமாகும். சுத்தம் செய்வதும் எளிதாகும்.

இன்னோர் ஆட்சேபணை: "இதற்கெல்லாம் நேரம் எங்கே? நோட்டீஸ் நாளைக்கு வேண்டும்." நியாயம்தான். அவசரத்துக்கு ஒருநாள் நிர்வாகியாக ஓட்டிவிட்டுப் போனால் குடி முழுகிவிடாது. அந்த ஒருநாள் ஐந்து வருடமாக நீடிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கரும்பலகையின் மூலையில் எழுதி, 'அழிக்காதே' என்று கட்டம் போட்டு வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். தட்டச்சுப் பயிற்சிக்கான பழைய புரோகிராம் ஒன்று அதைக் கேட்கிறதாம். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே படித்த மாணவர்கள் கற்றுக்கொண்ட பாடம் தட்டச்சு மட்டுமல்ல என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு வேறு வழி உண்டு. 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு எக்ஸ்.பி.க்கான ஆதரவு நின்றபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களை சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது நினைவிருக்கலாம். அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் அது இருந்தது. லினக்ஸ், பலர் பகிர்ந்துகொள்ளும் யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் சாதாரணக் கணக்கே வழக்கம். அங்கே விண்டோஸ் புரோகிராம்களை ஓட்ட 1993இல் தொடங்கிய வைன் என்ற திட்டம் உதவுகிறது. வைன் என்ன செய்கிறது தெரியுமா? ஒவ்வொரு பயனருக்கும் அவருடைய சொந்த போல்டருக்குள்ளேயே ஒரு பொய்யான சி டிரைவை உருவாக்கிக் கொடுக்கிறது. பழைய புரோகிராம் அந்தப் பொம்மை அரண்மனையில் ராஜாவாக இருந்துகொள்ளலாம். தலைவாசலில் எழுதட்டும், தூணில் கிறுக்கட்டும். உண்மையான வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாப் பழைய மென்பொருளும் வைனில் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது. முயன்று பார்க்கச் செலவில்லை. இன்றைய விண்டோஸ் 11இல் சுத்தமாக ஓடாத 16 பிட், டாஸ் காலத்துப் புரோகிராம்களுக்கு டாஸ்பாக்ஸ் போன்றவை இதே போன்ற பொம்மை வீடுகள்தாம்.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், பைத்தான் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதும் புரோகிராம் ஒரு மதிப்பெண் பட்டியலைக் கோப்பில் சேமிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த போல்டரில் எழுதுகிறது என்று ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா? உங்கள் கணிப்பொறியில் இன்னொரு சாதாரணக் கணக்கை உருவாக்கி, அதில் நுழைந்து உங்கள் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால், இருபது வருடம் கழித்து ஏதோ ஒரு கடைக்காரருக்குத் தலைவலி தரப்போகும் புரோகிராமை நீங்கள் இப்போதே எழுதிவிட்டீர்கள்! திருத்துவது பெரும்பாலும் ஒரே வரிதான்.

அண்ணாச்சி கடையிலும் அப்படி ஒரு வரிதான் இருந்தது. இயங்குதளத்தை மறுபடி நிறுவிய அன்று, பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ மாணவர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தாமே தட்டிக் கொடுத்தார், பையனிடம் சொல்லவில்லை. பையனும் கேட்கவில்லை. புரோசெஸ் மானிட்டரில் மிஞ்சியவை நான்கு வரிகள்; நான்கும் சி டிரைவின் தலைவாசலில் ஒரே தற்காலிகக் கோப்பைப் பற்றியவை. மென்பொருளின் போல்டருக்குள் ஓர் அமைப்புக் கோப்பு இருந்தது. சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கக்கூடியது. தற்காலிகக் கோப்பு எங்கே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி. அதை அண்ணாச்சியின் கணக்குக்கு எழுதும் உரிமை உள்ள ஒரு போல்டருக்கு மாற்றினார்.

"இவ்வளவுதானா தம்பி?"

"இவ்வளவுதான் அண்ணாச்சி. இனி அட்மினா ஓட்ட வேண்டாம். தமிழும் தானா வரும்."

வந்தது. புகைப்படத்தை இழுத்துவிட்டார்; விழுந்தது. கொடை நோட்டீஸ் அன்று இரவே அச்சுக்குப் போயிற்று. பையன் சும்மா போகவில்லை. பழைய வன்தட்டை ஒரு பெட்டியில் போட்டுப் புதிய கணிப்பொறியோடு இணைத்துத் தர வேண்டும் என்றும், அதிலிருக்கும் மலர்களையும் சிறு நூல்களையும் விடுமுறையில் ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். பட்டியலை அண்ணாச்சி கையால் எழுத ஆரம்பித்திருந்தார். நான் மலரை வாங்கிக்கொண்டு கிளம்பியபோது நாற்பதாவது பெயரில் இருந்தார்.